ஃபுல் இன்சூரன்ஸ் எதற்கு?

மார்ச் 3, செவ்வாய்

கார் இன்சூரன்ஸ் முடிகிறது. ஏஜென்ட் வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் காலேஜ் நண்பர். தாடியை எடுத்துப் பல வருஷமாகியும் வீட்டில் அவருக்குப் பெயர் 'தாடி'தான். தேர்ட் பார்ட்டி என்றால் நம் வண்டி அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு மட்டும். நம்முடையது நொறுங்கினால் நம் தலைவிதி. காம்ப்ரிஹென்சிவ் என்றால் இரண்டுக்கும் சேர்த்து, திருடு போனாலும் தருவார்கள். நான் அதைத்தான் கேட்டேன். என் சம்பளத்தில் வாங்கிய கார்.

இவர் சிரித்தார். "ஃபுல் இன்சூரன்ஸ் எதுக்குடா? ஊருக்கே டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவ இவ. இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா?"

ஐஸ் வைத்தால் நான் உருகிவிடுவேன் என்று தெரியும் அவருக்கு. உருகினேன். தேர்ட் பார்ட்டி.

மே 20, புதன்

காலையில் ஏறினால் கால் க்ளட்ச்சுக்கு எட்டவில்லை. இவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர். ஓட்டிவிட்டு சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியபடியே விட்டுவிடுவார். டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் நான் சொல்லித்தருவதே அதுதான், ஏறினதும் முதல்ல சீட்டைச் சரி பண்ணு என்று. இவருக்கு யார் சொல்வது? லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, அதையாவது புதுப்பியுங்கள் என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்."

ஜூலை 12, ஞாயிறு

இடித்துவிட்டார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் கடைவாசலில் நிறுத்தியிருந்த காரை. போனைப் பார்த்துக்கொண்டே திருப்பியிருக்கிறார். அந்தக் காரின் பின்கதவு உள்ளே போய்விட்டது. என் காருக்கு முன்பக்கமே இல்லை. மதிய வெயிலில் தெருவில் ஆளில்லாததால் ஓட்டியது யார் என்று யாரும் பார்க்கவில்லை.

படியேறி வந்ததும் சொன்னார்: "நீ ஓட்டினேன்னு சொல்லிடு. எங்கிட்ட லைசென்ஸ் இல்லன்னு தெரிஞ்சா கம்பெனி அவருக்குக் குடுத்துட்டு அந்தப் பணத்துக்கு நம்ம கழுத்தப் பிடிக்கும்."

"நான் டிரைவிங் டீச்சருங்க."

"அதனாலதான் சொல்றேன். நீ ஒரு தடவ இடிச்சா யாரு கேக்கப்போறாங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. எனக்கு மட்டும் ஏன்தான் பாவமாக இருந்து தொலைக்கிறதோ! சரி என்றேன்.

ஜூலை 16, வியாழன்

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். என் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஐந்தடிகூட இல்லை.

"இதுல உக்காந்தா ஓட்டினீங்க, மேடம்?"

சீட்டை முன்னால் இழுத்துவிடக்கூட இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. சொல்லித்தரும் எனக்கும் தோன்றவில்லை. "இடிச்சப்புறம் இவர்தான் சீட்டப் பின்னால தள்ளினார்" என்றேன். எழுதிக்கொண்டார். இவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 5, புதன்

மருந்துக்கடைக்காரரின் கார் வந்துவிட்டது. புதுக் கதவு, புது பெயின்ட். என்னுடையது தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதற்குப் பத்துக் காசு வராது. அவர் கார் மினுக்குவதில் தப்பில்லை, இடித்தது நாம்தானே.

நாமா?

ஆகஸ்ட் 19, புதன்

ஸ்கூல் முதலாளியம்மா கூப்பிட்டார். "நின்ன வண்டிய இடிச்ச டீச்சர் வேண்டாம்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்கம்மா. கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காருங்க."

என் இடத்தில் என்னிடம் கற்றவளே சொல்லித்தருகிறாள். ரிவர்ஸ் இன்னும் கோணலாகத்தான் எடுக்கிறாள்.

இவரிடம் சொன்னேன். "ஏசி ரூம், நல்லதுதானே?"

எரியுது எனக்கு. யாருகிட்ட போய்ச் சொல்ல?

அக்டோபர் 9, வெள்ளி

நாளெல்லாம் ரசீது கிழித்தேன்.

பிப்ரவரி 24, புதன்

என் சம்பளத்தில் ஒவ்வொரு பாகமாக வாங்கிப் போட்டு, ஒருவழியாகக் கார் ஓடுகிறது. இன்சூரன்ஸ் முடிகிறது என்று தாடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "இந்தத் தடவ ஃபுல் இன்சூரன்ஸே போட்டுடுடா. இவ ஓட்டுற லட்சணம்தான் தெரியுமே!" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நம்பியே விட்டார். இடிச்சது தாந்தான்கிறதே மறந்துபோச்சு மனுஷனுக்கு!

"அண்ணா, கேட்டுக்குங்க. அன்னைக்கு ஓட்டினது இவர். லைசென்ஸ் இல்லாம. நாளைக்கு நானே உங்க ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுக்கிறேன்."

தாடி தன் மொழுமொழு மோவாயைத் தடவினார்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் இவர்.

"இருந்துச்சு. தெளிஞ்சிடுச்சு."

மார்ச் 1, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பணத்தைக் கம்பெனி எங்களிடம் திருப்பிக் கேட்கிறது. பொய் சொன்னதற்கு விளக்கம் கேட்டு எனக்கும் ஒரு கடிதம். வரட்டும். இவர் என்னோடு பேசுவதில்லை.

முதலாளியம்மாவிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரரிடமும் நானே போய்ச் சொன்னேன்.

"தெரியும்மா. நீங்க இடிச்சிருந்தா எறங்கி நேரா எங்கிட்ட வந்திருப்பீங்க."

"அப்போ ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"எனக்குத்தான் புதுக் கதவு வந்துடுச்சே" என்று மாத்திரை எண்ணப் போய்விட்டார்.

மார்ச் 22, திங்கள்

முதலாளியம்மா ஒரே ஒரு மாணவியைக் கொடுத்திருக்கிறார். பார்க்கலாம் என்கிறார். காருக்கு நானே ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுவிட்டேன். இவர் பஸ்ஸில் போகிறார்.

காலையில் காரில் ஏறியதும் பழக்க தோஷத்தில், முன்னால் இழுக்க, கை சீட்டுக்கு அடியில் இருக்கும் லீவருக்குப் போனது. சீட் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.