ராமச்சந்திராபுரத்தில் அடுக்கிய வாக்கியம்

இன்று மதியம் கேன்டீனில் ஒருவர் கழுவிய எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எதிரே இருந்தவர்கள் என்ன ஆச்சு என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். தட்டுச் சத்தம் கேட்டால் பார்சர் ஞாபகம் வருகிறது, அதோடு நீயும் வருகிறாய் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நான் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு மென்பொருள் வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டுக் கணினி மொழியியல் படிக்கச் சேர்ந்தவள். அங்கே என்னோடு படித்த நீ இந்த ஊரிலேயே வளர்ந்தவள். தமிழில் கேட்டால் பாதிப் பதில் தெலுங்கில் வரும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். ஆனாலும் தமிழ் வாக்கியங்களைப் பகுக்கும் பார்சரைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக எடுத்துக்கொண்டாய். வாக்கியத்தைக் கொடுத்தால் எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்று கணினி தானே கண்டுபிடிக்க வேண்டும். கேட்க எளிது. வகுப்பில் பலகை நிறைய அம்புக்குறிகள் ஓடும். எனக்கு ஒன்றும் பிடிபடாது. பழைய வேலைக்கே போய்விடவா என்று ஒருநாள் உன்னிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்றாய்.

ராமச்சந்திராபுரத்தில், உன் அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். சமையலறையிலிருந்து தட்டுகளை எடுத்து வந்து தரையில் வரிசையாக வைத்தாய். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் ஒரு சொல். நேற்று. வாங்கிய. புத்தகத்தை. அப்பா. படித்தார். சோறு போடுகிற தட்டுடி அது என்று உன் அம்மா உள்ளேயிருந்து சொன்னார். நீ காதிலேயே வாங்கவில்லை. வரிசையிலிருந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து என்னை அடுக்கச் சொன்னாய். மேலே இருக்கும் இரண்டுக்கும் உறவு இருந்தால், சார்ந்து நிற்பதை உருவி எடுத்துவிட வேண்டும். ‘வாங்கிய’ வந்ததும் ‘நேற்று’ போனது. ‘புத்தகத்தை’ வந்ததும் ‘வாங்கிய’ போனது. அதன்மேல் ‘அப்பா’ வந்தபோது நான் திகைத்தேன். புத்தகத்துக்கும் அப்பாவுக்கும் நேரடியாக என்ன உறவு?

“ஒண்ணும் பண்ண நக்கோடி. சும்மா இருக்கட்டும். அதுங்களோட ஆளு பின்னாடி வருது,” என்றாய். ‘வேண்டாம்’ என்பதற்கு உனக்கு எப்போதும் அந்த ஹைதராபாத் ‘நக்கோ’தான்.

‘படித்தார்’ வந்தது. இரண்டும் அதைச் சார்ந்தவை, இரண்டையும் உருவினேன். கடைசியில் அடுக்கில் ஒரே தட்டு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்து, நேற்று வாங்கினதா, நேற்று படித்ததா என்று கேட்டார். நீ துள்ளி எழுந்தாய். உலகம் முழுக்க எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வது அதற்காகத்தான்பா என்று அவரிடம் சொன்னாய். தொழிற்சாலையில் லேத் எந்திரத்தில் வேலை செய்த அந்த மனிதரின் முகத்தில் அன்று அவ்வளவு பெருமை.

அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சு மட்டும் சரியாகத் திரும்பவில்லை. பெயர்ச்சொற்கள் வந்தன, வினைச்சொல் வரவில்லை. நீ படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தாய். நிறுத்துவதாக எழுதிக் கொடுக்கவும் கிளம்பினாய். அன்று நான் உங்கள் வீட்டில் இருந்தேன். அப்பா உன்னைப் பார்த்து, “என்னால… உனக்கு… படிப்பு…” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னால்தான் நீ படித்தாய் என்கிறார் என்று உன் அண்ணன் நினைத்தான். ஆமாம்பா, நீங்கதான் படிக்க வெச்சீங்க என்று தட்டிக்கொடுத்தான். அவர் முகம் வாடிப்போனது. தலையைத் திருப்பிக்கொண்டார்.

நீ மட்டும் அவர் காலடியில் உட்கார்ந்தாய். ‘என்னால’ இருக்கிறது, ‘உனக்கு’ இருக்கிறது, என்ன வினை இதில் வந்து உட்காரும் என்று நீ தேடியது எனக்குத் தெரிந்தது.

“கிடைச்சுதாப்பா?”

இல்லை என்று தலையசைத்தார்.

“கெட்டுப்போச்சா?”

அதற்கும் இல்லை. ஆனால் இந்த முறை உன் பக்கம் திரும்பினார்.

நீ அவர் முகத்தையே பார்த்தாய். பிறகு மெல்லக் கேட்டாய்: “படிப்பு நிக்கக் கூடாதா?”

அவர் நல்ல கையால் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

நீ நிறுத்தவில்லை. எழுத வைத்திருந்த ஆய்வை மாற்றி, வினை இல்லாமல் நிற்கும் பேச்சு வாக்கியங்களை எடுத்துக்கொண்டாய். தரவு போதாது, பார்சரின் மதிப்பெண் குறையும் என்று பலரும் சொன்னார்கள். மதிப்பெண் குறையத்தான் செய்தது. அதை அப்படியே எழுதினாய். பார்சர் எங்கெங்கே தோற்றது, ஏன் தோற்றது என்று நீ விளக்கிய அந்தப் பக்கங்களை, இப்போது பாடம் நடத்தும் நான் இன்றும் என் மாணவர்களுக்குக் கொடுக்கிறேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். திரும்பி வரவில்லை. காரியங்கள் முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். “பொண்ணுகிட்ட… நான்…” என்றார். நீ செய்ததைப் போலவே செய்ய முயன்றேன். ஏதாவது கேட்கணுமா என்றேன். இல்லை. சண்டை போட்டீங்களா? இல்லை. எனக்குத் தெரிந்த வினைகளெல்லாம் தீர்ந்துபோயின.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து அவர் எதிரே உட்கார்ந்தார். “சொல்லலையா?” என்றார்.

அவர் கண் நிறைந்து ஆமாம் என்று தலையாட்டினார்.

“அவளுக்குத் தெரியும்ங்க,” என்றார் அம்மா.

இப்போதெல்லாம் வாரம் ஒருமுறையாவது அங்கே போகிறேன். அம்மா கடைக்குப் போய்வரும்வரை அப்பாவும் நானும் பேசிக்கொண்டிருப்போம். ஒரு சொல்லை நீட்டுவேன், இல்லை என்று தலையசைப்பார். இன்னொன்றை நீட்டுவேன். முன்பெல்லாம் அந்த ‘இல்லை’யைப் பார்த்தால் தோற்றுவிட்டதாக நினைத்துச் சுருங்கிப்போவேன். இப்போது அப்படி இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடுகிறேன்.