சட்டைப் பையில் இருந்த உன் கடிதம்

சேசு மரி சூசை

சாந்தோம்,
10-9-45

அன்பு மகன் வால்டருக்கு உன் தகப்பன் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்ற வரியை மூன்று வருஷமாக எழுதாததால் கை தயங்குகிறது. ரங்கூனிலிருந்து நீ உன் மனைவி டோரதிக்கு எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலத் தபாலில் நம் வீட்டுக்கு வந்தது. உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் நான்தான் பிரித்துப் படித்தேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் வரவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

நாற்பத்திரண்டில் உன்னோடு பர்மாவிலிருந்து நடந்து வந்த வேதாந்தம் ஊர் வந்து சேர்ந்து, வழியில் உனக்கு வாந்திபேதி கண்டு மூச்சு நின்றுபோனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். பொய் சொல்லவில்லை, பயத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அவனைப் பங்குச் சுவாமியாரிடம் அழைத்துப் போய்ச் சாட்சி சொல்ல வைத்ததும் நான், கீழே கையெழுத்துப் போட்டதும் நான். டோரதி ஒரு வருஷம் மறுகல்யாணத்துக்கு மாட்டவே மாட்டேன் என்றாள். தாய் தகப்பன் இல்லாத பெண் எத்தனை நாள் தனியாக இருப்பாள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து, போன வருஷம் ஜனவரியில் பள்ளிக்கூட வாத்தியார் மர்சலினுக்குக் கட்டிக் கொடுத்தேன். எட்டு மாத ஆண் குழந்தை இருக்கிறது. செத்தவர் பெயர் நிலைக்கட்டும் என்று மர்சலினே என்னைக் கேட்டு உன் பெயரை வைத்தான். நல்லவன். கெட்டவனாக இருந்தால் எனக்கு இந்தக் கடிதம் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மாதா பிறந்த திருநாள். எல்லாருமாகக் கோவளம் கார்மேல் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, அங்கிருக்கும் பழைய கோட்டையைக் குழந்தைக்குக் காட்டுவதென்று ஒரு மாதமாகப் பேச்சு. வரவில்லை என்றால் ஏன் என்பார்கள். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன், உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. கேளம்பாக்கம் வரை கரிப்புகையில் ஓடும் பஸ், நடுவில் இரண்டு இடத்தில் நின்றுபோயிற்று, அப்புறம் மாட்டுவண்டி. குழந்தை என் மடியில்தான். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, கொயந்த அப்டியே உன் ஜாடை கீது நைனா என்றான். டோரதி சிரித்தாள். பூசையில் சுவாமியார், வால்டரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார், டோரதி எழுதிக் கொடுத்திருந்தாள். தன் பெயரைக் கேட்டதும் குழந்தை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. எல்லாரும் முழங்காலில் நின்றார்கள், நானும் நின்றேன்.

கோட்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை, இடிந்த சுவர், அதற்கப்பால் கடல். சுவர் நிழலில் துப்பட்டி விரித்து இட்லி சாப்பிட்டோம். மர்சலின் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இது நவாபு கட்டினது, வெள்ளைக்காரன் இடித்தது என்று பாடம் நடத்தினான். பல் முளைக்காத பிள்ளைக்குச் சரித்திரம் ஒரு கேடா என்று உன் அம்மா கேலி செய்தாள். பிறகு குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு மூவரும் அலையில் கால் நனைக்கப் போனார்கள். அது என் பையில் கைவிட்டு உன் கடிதத்தை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன், பிடுங்கத் தோன்றவில்லை. முழுவதையும் தின்றுவிட்டால் நல்லது என்று நினைத்தேன் வால்டர். பெற்ற மகன் உயிரோடு இருக்கிறான் என்று வந்த காகிதத்தை அப்படி நினைத்தேன். இதை உனக்கு மறைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்துதான் உன் அம்மாவிடம் சொன்னேன். உன் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். ஞாயிற்றுக்கிழமை டோரதி வருவாளே, கேட்பாளே என்று மறுபடியும் போட்டாள். அவன் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறானா என்றாள். நீ உயிரோடு இருக்கும்போது அந்தக் கல்யாணம் செல்லாது, சுவாமியாரும் அதைத்தான் சொல்வார். நீ கேட்டால் உன் மனைவி உனக்குக் கிடைப்பாள். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன், கேட்பதற்கு முன் அந்தக் குழந்தையை ஒரு தரம் தூக்கிப் பார்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் பெயருக்கு வந்த கடிதம் என்னிடம் இருக்கக் கூடாது. குழந்தை சப்பியதில் கீழே நீ உன் பெயர் எழுதிய இடம் கலைந்துவிட்டது, படிக்க முடியவில்லை. அவளுக்கு எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாதா உன்னைக் கைவிடாமல் கரை சேர்க்கட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. வரும் மாதப் பூசைப் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது, நான் எடுக்கச் சொல்லவில்லை. செத்தவனுக்கென்று வைத்த பூசை உயிரோடு இருக்கிறவனுக்கு ஆகாமலா போகும். துறைமுகத்துக்கு வந்து நில் என்று டோரதிக்கு எழுதியிருக்கிறாய். அவளைத் தேடாதே, நான் வந்து நிற்பேன்.

நீ செத்தாய் என்று எழுதிக் கொடுத்த தகப்பன்,
ஞா. பிரகாசம்