வலது குழலில் மங்கல்

கச்சாய் வீதி,
கொடிகாமம்.
18.02.2025

அன்புள்ள முத்தலிப் நானாவுக்கு,

நீங்களும் லத்தீபா தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். மகள் சுபாஜினியும் பிள்ளைகளும் சுகம்.

முதலில் ஒரு புதினம். இந்தக் கடிதத்தை யாரும் எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். ஐம்பது வருடம் சந்தையில் மூட்டை தூக்கிய கை, எழுபத்து மூன்று வயதில் பேனை பிடிக்கிறது. மூட்டையை விடப் பேனைதான் பாரமாக இருக்கிறது. மேலே உள்ள நாலு வரிக்கும் ஒரு தேநீர் ஆறிப்போய்விட்டது. எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்தால் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

புரட்டாதி மாதத்தில் இருந்து எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்புக்குப் போகிறேன். உதயகலா ரீச்சர் படிப்பிக்கிறார். ஐந்து பெண்கள், ஆண் என்று நான் ஒருவன். முதல் நாள் பின் வாங்கில் இருந்துகொண்டு, பழக்கத்தில் சட்டைப் பையில் கிடந்த தூரக்கண்ணாடியை எடுத்துக் கரும்பலகையைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பராசக்தி, "அண்ணை, மடியிலை கிடக்கிற கொப்பியை முதல் பாருங்கோ, பலகை எங்கையும் பறந்து போகாது" என்றார். வகுப்பே சிரித்தது. ரீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பு, எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோ, பின் வாங்கிலை ஆர் கதைக்கினம் எண்டு பாக்க உதவும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது.

எங்கள் ஏழு தூரக்கண்ணாடிகளும் பத்திரமாக இருக்கின்றன. பிஸ்கட் பேணிக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி வறுத்த அரிசி முடிச்சை மாதம் ஒரு தரம் மாற்றுகிறேன். ஒன்றிலும் ஈரம் பிடிக்கவில்லை. இந்த முறை பூநாரைகள் நிறைய வந்தன. கச்சாய்க் கடல் ஓரம் காலையில் ஒரே இளஞ்சிவப்பு. நீங்கள் ஞாயிறுகளில் பஸ்ஸில் வந்து இறங்கும் மதகில் இருந்துதான் பார்க்கிறேன். தனியாகப் பார்க்கிறபடியால் யாரோடும் சண்டை இல்லை. அது நல்லாக இல்லை.

ஒரு விடயத்தை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் சண்டை பிடித்த இரண்டு கண்ணாடிகளில் யப்பான் ஆறு பதினைந்துதான் வென்றது. ஜேர்மன் எட்டு இருபது எட்டு மடங்கு கிட்டக் கொண்டு வரும், உண்மை. பூநாரையின் அலகு நுனிக் கறுப்புக்கூடத் தெரியும். ஆனால் என் கை நடுங்க, அந்தப் பறவையும் நடுங்கும். யப்பான் ஆறு மடங்குதான். ஆனால் படம் அசையாது. முழு வரிசையும் தெரியும். வரிசையை விட்டுத் தனியாக விலகி நடக்கும் ஒன்றும் தெரியும். "கிழவனுக்கு ஆறு காணும், எட்டைக் குமரனுக்குக் குடும்" என்று நீங்கள் சொன்னபோது நான் பன்னிரண்டு வருடமாக இல்லை என்று நின்றேன். இப்போது ஓம் என்கிறேன். எழுத்தில் தருகிறேன், வைத்திருங்கள்.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். இதுவரை எழுத மூன்று நாள் ஆயிற்று. இந்த இடத்தில் மட்டும் மூன்று கடதாசி கிழித்துவிட்டேன்.

போன ஆனி மாதம் லத்தீபா தங்கச்சியின் முழங்கால் வருத்தத்துக்காகச் சோனகத் தெருவில் மணிக்கூடு திருத்தும் உங்கள் கடையைப் பூட்டிவிட்டு, மகள் ஸஹானா வீட்டுக்கு, புத்தளத்துக்குப் போனீர்கள். போகிற அன்று நாங்கள் மாற்றிக்கொண்டோம். என்னுடைய ஜேர்மனை நீங்கள் எடுத்தீர்கள். உங்கள் யப்பானை எனக்குத் தந்தீர்கள். "நீர் என்ரை கண்ணாலை பாரும், நான் உம்மடை கண்ணாலை பாக்கிறன்" என்று சொல்லித் தந்தீர்கள்.

ஆடியில் ஒரு காலை, வழமை போல ஒரு கண்ணை மூடி ஒவ்வொரு குழலாகப் பார்த்தேன். இடது குழல் பளிச்சென்று இருந்தது. வலது குழலில் பால் ஊற்றிக் கலக்கிய தண்ணீர் போல மங்கல். பூஞ்சணம் பிடித்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி இருக்கும், வானத்துக்குப் பிடித்துப் பெரிய வாய்ப் பக்கத்தால் பாரும் என்று நீங்கள் பழக்கியிருந்தீர்கள். பிடித்துப் பார்த்தேன். நூல் இல்லை. எல்லாம் மங்கல். எந்தக் கண்ணால் பார்க்கிறேன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

உடனே போன் எடுத்தேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். இதை எழுதத்தான் எழுத்துப் படித்தேன். "பழுது எண்டு தெரிஞ்சுகொண்டு என்ரை தலையிலை கட்டிப்போட்டு, நல்லதை எடுத்துக்கொண்டு உங்கடை ஊருக்குப் போட்டியள்" என்று சொன்னேன்.   நீங்கள் "ஓம் தம்பிஐயா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள்.

ஒரு கிழமையில் ஜேர்மன் எட்டு இருபது துவாயில் சுற்றி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஒரு சொல்லும் கூட வரவில்லை. உங்கள் யப்பானைத் திருப்பித் தா என்றும் கேட்கவில்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஜேர்மனை எடுத்துப் பார்த்தால் அதிலும் வலது குழல் மங்கல். புத்தளத்து உப்புக் காற்றில் வைத்து இதையும் கெடுத்துப் போட்டார் என்று கத்தினேன். சுபாஜினி குசினிக்குள் இருந்து, "ஏனப்பா, கச்சாய்க் கடல் என்ன சீனித் தண்ணியே?" என்று கேட்டாள். நான் கோபத்தில் பேணியைத் திறந்து ஏழையும் கட்டிலில் வரிசையாக வைத்தேன். ஏழிலும் வலது குழல் மங்கல். ஏழு பேருக்கும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில் வருத்தம் வந்ததாக நினைத்த மடையனை உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக உங்கள் யப்பானை அவசரத்தில் தலைகீழாக எடுத்துப் பிடித்துவிட்டேன். தலைகீழாகப் பிடித்தால் வலது குழல் இடது கண்ணுக்கு வர வேண்டும். மங்கலும் அதோடு இடது பக்கம் வர வேண்டும். வரவில்லை. வலது பக்கத்திலேயே நின்றது. திருப்பிப் பிடித்தேன். நின்றது. ஜேர்மனைத் தலைகீழாகப் பிடித்தேன். நின்றது. ஏழையும் அப்படிப் பார்த்து முடித்துவிட்டு, ஒன்றும் பிடிக்காமல், இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு முற்றத்து முருங்கையைப் பார்த்தேன். முருங்கையும் மங்கல்.

நானா, பதினாலு குழலும் சுத்தம். மங்கல் என் வலது கண்ணில் இருந்தது.

முதலில் தனியாக இருந்து சிரித்தேன். பிறகு நீங்கள் போனில் சொன்ன அந்த 'ஓம்' ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

எத்தனையோ தரம் போன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது சரி. சுபாஜினி, "நான் வடிவா ஒரு கடிதம் எழுதித் தாறன் அப்பா" என்றாள். எழுதி வாசித்துக் காட்டினாள். 'தெரியாமல் ஏதும் பிழை விட்டிருந்தால் மன்னிக்கவும்' என்று ஒரு வரி வந்தது. நிற்பாட்டு என்றேன். குழலைப் பற்றிச் சொன்னதுதான் தெரியாமல் சொன்னது. உங்கடை ஊர் என்றது தெரிந்து சொன்னது. எது நோகும் என்று தேடி எடுத்துச் சொன்னது. அதைப் பெற்ற பிள்ளையின் கையால் எழுதுவிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் சனசமூக நிலையத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

நீங்கள் சோனகத் தெருவில் பிறந்தவர். உங்கள் வாப்பாவும் அங்கேதான். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது, திருத்தக் கொடுத்த ஊராருடைய மணிக்கூடுகள் மேசையில் கிடக்கக் கடையைப் பூட்டிவிட்டுப் போனதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இருபத்தொரு வருடம் புத்தளத்தில் கழித்துவிட்டுத் திரும்பி வந்து, உங்கள் வீட்டுக்குக் கூரை போட முதல், அந்த மணிக்கூட்டுக்காரர்களைத் தேடித் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டீர்கள். இளையதம்பி மாஸ்டர் மணிக்கூடு போனால் போகட்டும் என்று உங்களைக் கட்டிப் பிடித்து அழுததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படிப்பட்டவரைத்தான் பழுதைத் தலையில் கட்டிவிட்டு உங்கடை ஊருக்குப் போட்டியள் என்று சொன்னேன். அந்த வாயால் இப்போது என்ன சொன்னாலும் காணாது என்று தெரியும். கையால் சொல்லிப் பார்க்கிறேன். மன்னியுங்கள் நானா.

இன்னும் ஒன்று இருக்கிறது. தை மாதம் ஒரு காலை மதகில் இருந்து, யப்பானை இடது கண்ணில் பிடித்து, வயல் வெளியில் நிற்கும் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தேன். அதில் உள்ள நீல அடையாளங்களை வைத்துத்தானே எந்தக் கண்ணாடி திறம் என்று இவ்வளவு காலமும் அளந்தோம். நாலாவது அடையாளத்தின் சுழி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எத்தனை ஞாயிறு சண்டை பிடித்தோம். அது கோயில் உபயகாரரின் பெயராக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது எழுத்தாகத் தெரிந்தது. எழுத்துக் கூட்டினேன். 'மேலே ஏறத் தடை' என்று இருந்தது. சந்தோசத்தில் மதகில் எழும்பி நின்று சத்தம் போட்டு வாசித்தேன். தோட்டத்துக்குப் போன சுபாஸ்கரன் சைக்கிளை நிற்பாட்டி, "அப்பு, ஆரை ஏற வேண்டாம் எண்டுறியள்?" என்று கேட்டான்.

அவன் போன பிறகுதான் யோசித்தேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். முதல் ஞாயிறே வாசித்திருப்பீர்கள். ஆனால் பன்னிரண்டு வருடமாக என் பக்கத்தில் இருந்து சுழியும் கொம்பும் எண்ணினீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விடும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். இது எனக்குத் தெரிய எழுத்துப் படிக்க வேண்டியிருந்தது.

கண்ணைப் பற்றியும் சொல்கிறேன், பயப்பட ஒன்றும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். வெண்புரை என்றார்கள். சித்திரை எட்டாம் திகதி சத்திரசிகிச்சை. உள்ளே இருக்கும் பழைய வில்லையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பார்களாம். அது எந்த நாட்டுச் சாமான், எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டேன். தாதிப் பிள்ளை, "ஐயா, இது கழட்டிக் கழட்டிப் பாக்கிற சாமான் இல்லை" என்று சிரித்தாள். ஆகவே எனக்கு எட்டாவதாக ஒரு கண்ணாடி வரப்போகிறது. பேணிக்குள் வைக்க முடியாது. யாருக்கும் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பழைய இடது கண் திறமா, புது வலது கண் திறமா என்று ஒப்பிட்டுச் சொல்ல, நான் சொல்வதை எல்லாம் இல்லை என்று மறுக்கும் ஒரு ஆள் வேண்டும். அப்படி எனக்கு வேறு ஆள் இல்லை.

போன கிழமை சுபாஜினி ஸஹானாவோடு கதைத்திருக்கிறாள். நான் கேட்கச் சொல்லவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை, தடி இல்லாமல் நடக்கிறார் என்று அறிந்து சந்தோசம். "வாப்பா கடைப் பூட்டின் திறப்பை இன்னும் கடைச் சொந்தக்காரரிட்டைக் குடுக்கேல்லை, சேட்டுப் பொக்கற்றுக்குள்ளைதான் வைச்சுக்கொண்டு திரியிறார்" என்று ஸஹானா சொன்னாளாம். அதைக் கேட்ட அன்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

நோன்பு தொடங்க இன்னும் இரண்டு கிழமைகூட இல்லை. உங்கள் நோன்பு நல்லபடி நிறைவேறட்டும். தங்கச்சிக்குக் கால் முழுச் சுகம் வரட்டும். பெருநாள் முடிந்ததும் ஒரு முறை வாருங்கள். வரும்போது கடையைத் திறக்க வேண்டும் என்று இல்லை. மதகு வரைக்கும் வந்தால் போதும். உங்களால் வர முடியாவிட்டால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், கண்கட்டு அவிழ்த்ததும் நான் வருகிறேன். இப்போது பஸ் பலகை வாசிக்கத் தெரியும். ஒருவரையும் கேட்காமல் வந்து சேருவேன்.

உறையின் மேல் உங்கள் பெயருக்குக் கீழே புத்தளம் என்று எழுத வேண்டியிருக்கிறது. அது தபால்காரருக்காக எழுதுவது. நான் சொல்வதாக எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன்
தம்பிஐயா