குடுக்காரிக்கு ஒரு தேத்தண்ணி

இன்று காலை வந்த பொட்டலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியதும் நீ வந்து குசினி வாசலில் நின்றாய். நைட்டியும் கலைந்த தலையுமாக, "இன்னும் தண்ணி வைக்கேல்லையோடி?" என்று கேட்கிற அதே முகத்தோடு. செத்தவளைக் கூட்டிவருகிற துணிச்சல் தேயிலை வாசத்துக்கு இருக்கிறது பார்.

நாளைக்கு உன் ஆண்டுத் திவசம். லண்டனில் இருந்தபடியே உன் தம்பி எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டான். சோறு, மரக்கறி, வடை, பாயாசம் எதற்கும் என்னைக் கேட்கவில்லை. மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவளுக்குப் படையலைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் உன் படத்துக்கு முன்னால் பால் விடாத ஒரு கோப்பை பிளேன்டி நான்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. நீ மூக்கைச் சுளிக்காத தூளுக்கு நான் எங்கே போவேன்?

நாம் தேயிலை வாங்கிய கொட்டாஞ்சேனைக் கடை இப்போது போன் கவர் விற்கிறது. அதனால் போன மாதமே மகளின் போனை வாங்கி ஒன்லைனில் இறங்கினேன். படத்தைப் பார்த்தால் எல்லாம் தங்கத்தூள்தான். முதலில் வந்த பெட்டியில் மலையும் அருவியும் தங்க எழுத்தும் இருந்தன. கோப்பையில் வைக்கோல் இருந்தது. அடுத்தது மலிவு என்று நினைத்தேன், கொண்டுவந்து தருகிற கூலி தேயிலையை விழுங்கிவிட்டது. மூன்றாவது, பச்சைத் தண்ணீரில் போட்டதுமே சாயம் கக்கியது. நீ இருந்திருந்தால் அதில் சீலை தோய்க்கச் சொல்லியிருப்பாய்.

சண்டைக்காலத்தில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் இருந்தன. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே தையல் கடை, ஒரே அறை, ஒரே மண்ணெண்ணெய் அடுப்பு. நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் கொட்டாஞ்சேனைக்குப் போவோம். நான் பூசைக்கு, நீ தேயிலைக்கு. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களில் மிஞ்சிய சாம்பிள் தேயிலையை அந்தக் கடைக்காரர் வெறும் கடதாசிப் பையில் அள்ளித் தருவார். பெயரும் இல்லை, படமும் இல்லை. நீ ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டுத்தான் தலையாட்டுவாய். "முகர்ந்தே பாதி முடிச்சிருவாய் போல" என்று நான் சொன்னால், "வாசம் பொய் சொல்லாதடி" என்பாய்.

அப்படி ஒரு ஞாயிறு திரும்பி வரும்போதுதான் பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். உன் பையைத் திறந்த ஆமிக்காரன் கடதாசிப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, "மே மொனவாத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள், பஸ்ஸில் பொறுக்கிய சிங்களத்தோடு நீ முந்திக்கொண்டாய்.

"குடு, மாத்தயா."

தூளுக்குச் சிங்களத்தில் குடுதான். ஆனால் கொழும்பில் வெறுமனே குடு என்றால் போதைத்தூள் என்று உனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவன் முகம் மாறியதும், சாமானின் தரத்தில்தான் சந்தேகப்படுகிறான் என்று நினைத்தாயோ என்னவோ, "ஹொந்த குடு, மாத்தயா. லாபய்" என்று வேறு சொன்னாய். நல்ல தூள், ஐயா. மலிவு.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அவன் உன் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே உறைந்தது. உன்னை மற்றப் பக்கம் போய் நிற்கச் சொன்னான். அந்தப் பக்கம் நின்றவர்களுக்காக லொறி ஒன்று காத்திருந்தது. ஏறினவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். "தே கொல, மாத்தயா, தேயிலைதான்" என்று நான் சிங்களத்தில் மன்றாடினேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அப்போது நீ பொட்டலத்துக்குள் விரலை விட்டாய். எடுத்த தேயிலையை உள்ளங்கையில் தேய்த்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாய். பாதி அவன் சப்பாத்தில் கொட்டியது. அவன் குனிந்து முகர்ந்தான். பின்னால் நின்ற ஆமிப் பெரியவனும் வந்து முகர்ந்தான். பெரியவன்தான் முதலில் சிரித்தான்.

"இனிமேல் தே கொல என்று சொல், அக்கே" என்று சிங்களத்தில் சொல்லி அட்டையைத் திருப்பித் தந்தான்.

அறைக்கு வந்த பிறகு உன்னால் நெருப்புக்குச்சி உரச முடியவில்லை. நான்தான் தண்ணீர் வைத்தேன். பனங்கட்டித் துண்டோடு கோப்பையை நீட்டி, "இந்தா, குடுக்காரி, குடி" என்றேன். நீ சிரித்தாய். சிரித்தபடியே அழுதாய். அன்றைக்கு வைத்த பெயர் களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டில் வரை உன்னோடு வந்தது. அங்கேயும் பிளாஸ்க்கைத் திறந்ததும் முதலில் முகர்ந்துதான் பார்த்தாய்.

போனில் எல்லாம் வருகிறது, வாசம் மட்டும் வருவதில்லை. கடைசியில் ஹட்டன் பக்கத்து ஆள் ஒருவர் அகப்பட்டார். போனில் எழுதத் தெரியாத எனக்குக் குரல் அனுப்பத் தெரியுமே. "தம்பி, இது எப்ப அடைச்சது? செத்தவங்களுக்கு வைக்கிறது, ஏமாத்தக் கூடாது" என்று அனுப்பினேன். "அக்கா, வாசம் போட்டோவுல வராதுங்க. சின்னப் பாக்கெட் ஒண்ணு அனுப்புறேன். மோந்து பாத்துட்டு அப்புறமா பெருசு வாங்குங்க" என்று பதில் வந்தது. மூக்கை நம்புகிற உன் இனம்தான்.

அதைத்தான் இன்று காலை பிளாட் காவல்காரர் தந்தார். காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டு, "நோனா, மே மொனவாத?" என்று கேட்டார். சரியான சொல் எனக்குத் தெரியாதா?

"குடு," என்றேன். "ஹொந்த குடு."

மனுஷன் பொட்டலத்தை அவசரமாக என் கையில் திணித்தார். நான் சிரித்துக்கொண்டுதான் படியேறினேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போது அது சிரிப்பாக இல்லை.

படைக்க முதல் ருசி பார்க்கக் கூடாது என்று உன் தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். அதனால் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்ததோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்துக்கு உன் வார்த்தையை நம்பியிருக்கிறேன். நாளைக்கு நீ முதலில் குடி, குடுக்காரி. பிறகு நான்.