பொய்ச்சுமை வண்டிகளைக் குறித்துப் புதுத்துறைக் காவலருக்கு எழுதிய ஓலை

மழை பருவம் பிழையாது பெய்க. உழுத நிலம் விளைக. கடல் சென்ற கலங்கள் கரை காண்க.

செவ்வரை நாட்டை ஆள்பவரும், ஏற்றுக்கொடி உடையவரும், குடிகளின் பசியறிந்து உண்பவருமான அடலேறு கோமான் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் அமைச்சர் மதிவாணர் எழுதும் ஓலை. கடற்கரையில் புதிதாக எழுந்துவரும் புதுத்துறைப் பட்டினத்தின் காவலர் பெருநற்சாத்தனார் காண்க. தங்கள் இல்லத்தாரும் பட்டினத்தாரும் கல்தச்சரும் கலம் கட்டுவோரும் நலமே வாழ்க.

புதுத்துறைக்குள் நெல்லும் விறகும் நன்னீரும் தடையின்றி வந்துசேர வழி வகுக்க வேண்டும் என்றும், அதற்குத் தலைநகர் நெடுவாயிலின் வண்டி முறையை எழுதிய ஓலையின் படி ஒன்று வேண்டும் என்றும் தாங்கள் கேட்டிருந்தீர்கள். அந்தப் படியை அனுப்ப வேண்டாம் என்பது அரசர் ஆணை. அனுப்பாத காரணத்தை மறைக்காமல் எழுதுக என்பதும் அவர் ஆணையே.

நெடுவாயில் குன்றுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நகர். பண்டங்கள் யாவும் கீழைவாயில் வழியே நுழைகின்றன. நகரின் இடையில் இரு பாறைகளுக்கு நடுவே வெட்டிய கழுத்துத்தெரு உண்டு. ஒரு வண்டி மட்டுமே போகும். எதிர்வண்டி வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். சுமை வண்டி நேரே செல்லும், வெறும் வண்டி விலகும் என்பது பாட்டன் காலத்து வழக்கு. அந்தத் தெருவைக் கடந்தால்தான் மேலைப்பாதி நகருக்கு அரிசி. அங்குள்ள ஆதுலர் சாலையில் படுத்திருக்கும் நோயாளர் நாற்பதின்மருக்குப் பாலும் அவ்வழியேதான்.

பண்டவழி நாயகம் வெண்ணாகனார் தங்களுக்குத் தெரிந்தவர். சொல் குறைந்தவர், ஓலையும் எழுத்தாணியும் போதும் என்று வாழ்பவர். அவர் சென்ற பங்குனியில் வண்டி முறை ஒன்றை வகுத்தார். சுமை வண்டிகள் காலையில் உள்ளே செல்க, இறக்கிய வண்டிகள் உச்சி சாய்ந்தபின் வெளியேறுக என்பதே அது. ஓலையில் அதைப் படித்தபோது அவையில் தலையசைக்காதவர் இல்லை.

பத்தே நாளில் கழுத்துத்தெரு அடைத்துக்கொண்டது. சரக்கை இறக்கிய வண்டிகள் உச்சிவரை நில்லாமல் காலையிலேயே திரும்பின. அவை வெறும் வண்டிகளாகவும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கல் கிடந்தது. சுமை இருப்பதால் விலக மாட்டோம் என்றார்கள். உள்ளே செல்லும் வண்டியும் சுமை வண்டி, அதுவும் விலகவில்லை. மூக்கோடு மூக்கு முட்டி மாடுகள் நின்றன. ஆதுலர் சாலைக்குப் பால் போய்ச் சேர்ந்தபோது அது திரிந்திருந்தது.

சாலையின் மருத்துவத் தலைவி காரிநங்கையார் நாள்தோறும் முறையிட்டார். அரசர் சினந்து, வரும் அமாவாசைக்குள் உச்சிக்கு முன் பால் சேராவிட்டால் சாலையையே மதிலுக்கு வெளியே ஏரிக்கரைக்கு மாற்றுக என்றார். தூக்கிச் செல்ல முடியாத நோயாளர் பதினொருவர் உண்டு, அவர்களில் எத்தனை பேர் அக்கரை காண்பார்கள் என்று தம்மால் சொல்ல இயலாது என மருத்துவத் தலைவி மறுமொழி எழுதினார். அந்த ஓலையை வெண்ணாகனார் பலமுறை வாசித்ததாக அவருடைய கணக்கர் கூறினார்.

முதலில் அவர் செய்ததும் பிழையே. வண்டிக்காரர் சூழ்ச்சி செய்கின்றனர் என்று எண்ணி, கல்லைத் தேடி எடுக்கக் காவலரை நிறுத்தினார். தேடத் தேட வண்டிகள் இன்னும் நீளமாக நின்றன. அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கையில் காவலரை விலக்கிவிட்டு, கழுத்துத்தெருவின் வடபாறைமேல் தனியே ஏறி அமர்ந்தார். இரண்டு நாள் அங்கேயே இருந்து வண்டிகளைப் பார்த்தார். வெயில் ஏற ஏறக் கீழே மாடுகளின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தாம் எழுதியதைத் தாமே அன்றுதான் முதன்முறையாக வாசிப்பதுபோல் இருந்தது என்று அவர் பின்னர் அவையில் கூறினார்.

மூன்றாம் நாள் அவர் காலடியில் ஒரு வண்டி வந்து சிக்கியது. ஓட்டியவள் விறகு வண்டிக்காரி கொற்றி. வண்டியில் ஓர் அம்மி கிடந்தது. இந்த அம்மி யாருடையது, எங்கே போகிறது என்று நாயகம் கேட்டார். அவள் சொன்னவற்றை மெருகேற்றாமல் அப்படியே எழுதுக என்று அரசர் பணித்திருப்பதால், எழுதுகிறோம்.

“எங்க வீட்டு அம்மிதான் ஐயா. காலையில வந்துச்சு, இப்ப வீட்டுக்குப் போவுது. ஊர் சுத்திப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசையாம்.”

பின்வண்டிக்காரன் ஒருவன் குரல் கொடுத்தான்: “ஏ கொற்றி, அம்மிக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் பேசி முடிச்சாச்சா?”

“முடிச்சாச்சு மாமா. மாப்பிள்ளை உன் வண்டியில கெடக்குற குழவிதான். சீர் என்ன செய்யுறேன்னு சொல்லு!”

தெருவே சிரித்தது. நாயகம் சிரிக்கவில்லை. பால் வண்டி உன் எதிரே நிற்பது தெரியாதா என்று மட்டும் கேட்டார். அவள் முகம் மாறிவிட்டது.

“தெரியும் ஐயா. என் தங்கச்சி அந்த ஆதுலர் சாலையிலதான் படுத்திருக்கா. அவளுக்குப் போற பாலை நானே மறிச்சுக்கிட்டு நிக்கிறேன். வேற என்ன செய்ய? உங்க ஓலையில வண்டி இருக்கு, நேரம் இருக்கு. மாடு இருக்கா? கோடையில மேலைப் பக்கம் ஒரு கெணத்துலயும் தண்ணி இல்ல. நொரை தள்ளிக்கிட்டு உச்சி வரைக்கும் அதுங்க வெயில்ல நிக்கணுமா? நீங்க நிப்பீங்களா?”

வெண்ணாகனார் பாறையிலிருந்து இறங்கி, பின்வண்டிகளைப் பின்வாங்கச் சொல்லி, பால் வண்டிக்கு வழிவிடக் கொற்றியின் வண்டியைத் தாமே தோள்கொடுத்துப் பின்தள்ளினார். பிறகு நேரே அவைக்கு வந்தார். மேலைப்பாதியில் ஊற்று வற்றாத நீர் ஒன்றுதான் உண்டு, அது அரண்மனை யானைக்குளம், அதை வண்டிமாடுகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று விண்ணப்பித்தார். போர்க்களிறு படியும் நீரில் விறகுமாடு வாய்வைப்பதா என்று ஓர் அமைச்சர் மறுத்துரைத்தார். அவர் வேறு யாருமல்லர், இவ்வோலையை எழுதும் மதிவாணரே. அரசர் யானைகள் எத்தனை என்று கேட்டார். பதினொன்று. வண்டிமாடுகள்? எண்ணூறு. யானைக்குக் கால் இருக்கிறது, விடியுமுன் ஏரிக்கு நடக்கட்டும் என்றார். கல் வைத்தவர்களுக்குத் தண்டம் என்ன என்று கேட்டபோது, பிழை ஓலையில் இருக்கையில் வண்டியைத் தண்டிப்பது எங்ஙனம் என்று மறுத்துவிட்டார்.

மறுநாளே குளக்கரையில் ஓலைப்பந்தல் எழுந்தது. மாடுகள் நீர் குடித்து நிழலில் படுத்து அசைபோட்டன. வண்டிக்காரர் உண்டு உறங்கி, உச்சி சாய்ந்தபின் மேலைக்குயவர் தெருவின் பானைகளை ஏற்றிக்கொண்டு மெய்யான சுமையோடு திரும்பினர். அமாவாசைக்கு முதல்நாள் மருத்துவத் தலைவியிடமிருந்து ஓலை வந்தது. பால் காலையிலேயே வந்தது, விறகும் வந்தது, ஆனால் தேன் போதவில்லை, மாதுளையும் சில அனுப்புக என்று எழுதியிருந்தார். மாதுளை கேட்கும் அளவுக்கு நோயாளர் தேறினார்களே என்று அரசர் மகிழ்ந்து, தம் தோட்டத்திலிருந்து ஒரு கூடை கொடுத்தனுப்பினார். சாலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆகவே, காவலர் அறிக. நெடுவாயிலின் முறை நெடுவாயிலின் பாறைக்கும் குளத்துக்கும் உரியது. அதன் படி தங்களுக்கு உதவாது. அதற்கு ஈடாக வெண்ணாகனாரையும், அவருடன் கொற்றியையும் அவளுடைய வண்டியோடும் மாடுகளோடும் அனுப்புகிறோம். தங்கை எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டதால் அவளும் மனமுவந்து வருகிறாள். தங்கள் பட்டினம் இன்னும் மணலில் கிழித்த கோடாகவே இருப்பது நற்பேறு. கோடு என்றால் காலால் அழிக்கலாம். மதிலை அவ்வாறு அழிக்க இயலாது.

சரக்கு இறக்கும் களம் ஒவ்வொன்றின் அருகிலும் நீரும் நிழலும் அமைக்க. கொற்றி நிறைசுமையோடு ஒவ்வொரு தெருவிலும் போய்த் திரும்பும்வரை எந்தத் தெருவிலும் கல் பாவ வேண்டாம். அவள் ஓட்டும்போது காவலரும் வண்டியில் மூட்டைகளின்மேல் அமர்ந்து வருக. அவள் திட்டினால் பொறுத்துக்கொள்க. இங்கே எல்லோரும் பொறுத்துக்கொண்டோம்.

ஏறு பொறித்த அரக்கு முத்திரை இட்டு, சித்திரை வளர்பிறை ஐந்தாம் நாள், அரசர் திருமுன் எழுதியது. இவ்வோலை கைக்கு வந்த பொழுதே கல்தச்சரின் உளிகள் நிற்க. நின்றன என்னும் சொல்லை, வந்த தூதன் குதிரை இளைப்பாறிய பின் அவன் கையிலேயே கொடுத்தனுப்புக.