வாடாமல்லிக் கோடு

மேடம்,

நேற்று ஆயுத பூஜை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் பூக்காரம்மா வாடாமல்லியைக் குவித்து வைத்திருந்தாள். லாரிக்காரர்கள் முழம் முழமாக வாங்கிப் போனார்கள். மாலை போட என்னிடம் இப்போது வண்டி இல்லை. ஆனாலும் அந்தக் கலரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. உங்கள் திரையில் ஓடிய கோட்டின் கலர் அது. நீங்கள் மெஜந்தா என்பீர்கள். "வாடாமல்லின்னு சொல்லுங்க மேடம், வாயில நுழையுது" என்றேன். அன்றையிலிருந்து உங்கள் ரூமில் எல்லாருக்கும் அது வாடாமல்லிக் கோடுதான்.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் உங்களுக்கு வேண்டியவன் ஆனதே அதனால்தானே.

முப்பது வருஷம் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டி, முழங்கால் போன பிறகு உங்கள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக வந்து உட்கார்ந்தேன். சின்ன விமானங்களில் பைலட்டுக்கு முன்னால் வைக்கிற, வழி காட்டும் திரையைச் செய்கிற இடம் என்று அப்போது தெரியாது. டிவி ரிப்பேர் என்று நினைத்தேன். உள்ளே வரும் வண்டி நம்பரை நோட்டில் எழுத வேண்டும். நான் மனசில் போட்டுவைத்து, சாயந்திரம் ஸ்டோர் கிளார்க்கிடம் வரிசையாக ஒப்பிப்பேன், அவர் எழுதிக்கொள்வார். திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி வந்து, எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் போகிற நீங்கள் ஒருநாள் நின்று அதைக் கேட்டீர்கள்.

"படிக்கத் தெரியாதா பெரியவரே?"

"கைநாட்டு மேடம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

என் ஆயுசில் அதற்கு யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை.

மறுநாள் ஏசி ரூமில் நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். திரையில் ஒவ்வொன்றாக இருபது படம் வரும். ஒவ்வொன்றும் கண் சிமிட்டுகிற நேரம்தான் நிற்கும். நடுவில் வெள்ளையாக, மெல்லிசாக ஒரு விமானம். அதன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, சிலதில் நேராகவோ, வாடாமல்லிக் கோடு. எது என்னவென்று சொல்ல மாட்டீர்கள். வண்டியை எந்தப் பக்கம் திருப்புவேன் என்று நான் கையால் காட்ட வேண்டும். "இதுக்குப் படிச்சவங்க இல்லையா மேடம்?" என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மேகத்துக்குள்ள மாட்டினா பைலட்டுக்கே எழுத்து மறந்துடும் பெரியவரே. பயந்தவன் உங்களை மாதிரிதான் திரையைப் பார்ப்பான்."

முதல் நாள் முக்கால்வாசி தப்பு. என் முகம் சுருங்கியதைப் பார்த்து, பாவம் என்று, ஒவ்வொரு படத்துக்கும் சரியான பதிலைச் சொன்னீர்கள். கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, விமானத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி, அடுத்த வாரம் மறுபடியும் காட்டினீர்கள். இருபதுக்கு இருபது. "பெரியவர் பாஸ்!" என்று கை தட்டினீர்கள், ரூம் முழுக்க டீ வந்தது. கேட்டில் எனக்கு ஸ்டூல்தான். அந்த ரூமில் சாய்ந்து உட்காருகிற நாற்காலி. அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டு நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் திரையை முதன்முதலாக விமானத்தில் வைத்து ஓட்டப்போகிற பைலட் ஒருநாள் வந்தார். சின்ன வயசு. கேட்டில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதானா அந்தப் பெரியவர்? நீங்களே இருபதுக்கு இருபதுன்னா நான் கண்ண மூடிட்டு ஓட்டலாம்!" சிரித்துக்கொண்டே போய்விட்டார். மத்தியானச் சோற்றைப் பிரிக்காமலே எழுந்தேன். உங்களிடம் வந்தேன்.

"மேடம், நான் படத்தைப் பார்த்துச் சொல்லல. ஞாபகத்துல சொல்லிக்கினு இருந்தேன்."

"என்ன சொல்றீங்க?"

"மொதல் படம் லெஃப்டு. அப்பால லெஃப்டு. மூணாவது நேரா. நாலாவது ரைட்டு. வண்டி நம்பர் மாதிரி உக்காந்துக்கிச்சு மேடம்."

நீங்கள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினீர்கள். நான் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருபதையும் சொன்னேன். முதலில் சிரித்தீர்கள். பதினைந்தைத் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு படங்களைக் கலைத்துப் போட்டுக் காட்டினீர்கள். பழையபடி முக்கால்வாசி தப்பு.

"எல்லாத்துக்கும் எதிர்ப் பக்கமா ஏன் காட்றீங்க?"

"கோடு லெஃப்டுல போயிடுச்சே. ரைட்டுல ஒடிச்சு ரோட்டுக்குக் கொண்டாறேன்."

"கோடு வண்டி இல்ல பெரியவரே. அதுதான் ரோடு."

"ரோடு எங்கனா நகருமா மேடம்? நகர்றதுதானே வண்டி?"

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "லாரியில உக்காந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகர்றது எது?" என்று கேட்டீர்கள்.

"ரோடுதான்" என்றேன்.

"அப்ப என் திரை உங்களை வண்டிக்குள்ள உக்கார வைக்கல. வெளியில நிக்க வெச்சிருக்கு" என்று எழுந்தீர்கள்.

திரையை வைத்து அனுப்ப வேண்டிய பெட்டியை அதற்குள் ஒட்டி முடித்திருந்தார்கள். பிரிக்கச் சொன்னதும் முதலாளி கத்தினது கேட் வரைக்கும் கேட்டது. நான் தண்ணீர் கேனோடு கதவோரம் நின்றிருந்தேன். "யார் தப்பு இது?" என்று அவர் மேசையைத் தட்டினார். "என் தப்பு சார். வரிசையை மாத்தாம காட்டினது நான். பதிலைச் சொல்லிக் கொடுத்ததும் நான்" என்றீர்கள். என் பேரே அங்கே வரவில்லை.

அப்புறம் படத்தில் விமானம் மஞ்சளாச்சு. தடிப்பாகி, திரையின் கீழே இறங்கி, லாரி பானெட் மாதிரி என் முன்னால் அசையாமல் நின்றது. வாடாமல்லி ரோடு அதற்கு முன்னால் ஓடியது. பார்த்ததுமே கை தானாகத் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் படங்களைக் கலைத்தீர்கள். "சரியா மேடம்?" என்றால், "சொல்ல மாட்டேன்" என்று உதட்டை மடித்துக்கொள்வீர்கள். அந்தப் பைலட் ஓட்டிவிட்டு வந்து, கேட்டிலேயே நின்று, "ரோட்டுல போற மாதிரி இருந்துச்சு பெரியவரே" என்றார். அதை உங்களிடம் ஓடிவந்து சொல்ல முழங்கால் விடவில்லை. நொண்டிக்கொண்டே வந்து சொன்னேன்.

அடுத்த வருஷம் நீங்கள் படுத்துவிட்டீர்கள். திருநின்றவூருக்கு வந்து பார்த்தேன். தலையில் துணி கட்டியிருந்தீர்கள். நான் கட்டில் ஓரம் வந்து நின்றதும் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

"அந்த இருபதும் இன்னும் இருக்கா?"

"அழிய மாட்டேங்குது மேடம்."

"சொல்லுங்க."

லெஃப்டு, லெஃப்டு, நேரா, ரைட்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். கண்ணை மூடிக்கொண்டு, போர்வைமேல் ஒரு விரலை அந்தந்தப் பக்கம் சாய்த்தீர்கள். பதினாலில் விரல் நின்றது. தூங்கிவிட்டீர்கள். மீதி ஆறையும் மெதுவாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன். அதற்கப்புறம் உங்களைப் பார்க்கவில்லை. இப்போதும் அந்த இருபதும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

மருமகள் கேட்டாள்: "மாமா, முதல்லேர்ந்து படிச்சுக் காட்டவா?"

"வாணாம்மா. வரிசையாப் படிச்சா தப்பு தெரியாது. நடுவுல எங்கனா எடுத்துப் படி."

படித்தாள். டீ வந்தது, கேட்டில் ஸ்டூல், ரூமில் நாற்காலி; அதற்கப்புறம் நேராகப் பைலட் வந்துவிட்டார்.

"நாற்காலிக்கு ஆசைப்பட்டு வாயைத் தொறக்கலன்னு சொன்னேனே, அது இன்னாச்சு?"

"உங்களத் தப்பா நெனப்பாங்களேன்னு வுட்டுட்டேன் மாமா."

"அவங்களுக்குத் தெரியும். எழுது."

எழுதிவிட்டாள், மேடம். இப்போது வேறு இடத்திலிருந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன்.