பொட்டு வைக்காத தகடு

அக்கா, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் காலமாகி இது இரண்டாவது பூஜை.

இந்த ஜெகதளா மலைக்கிராமத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு நீங்கள் குடிவந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் தூசு எவ்வளவு ஒளியைக் குடிக்கிறது என்று அளக்க வேண்டும் உங்களுக்கு. அந்தத் தூசிலும் கரி உண்டு என்று சொல்லி, அதற்குப் பதிலாக என் பூஜை விளக்கின் கரியைக் கேட்டீர்கள். சிறிய சிலிக்கான் தகடுகள் இரண்டைக் கொடுத்து, ஒன்றைச் சுடருக்கு மேல் பிடிக்கச் சொன்னீர்கள். மற்றது வெறும் தகடு. எந்த எண்ணெய், எத்தனை நிமிஷம் என்று வீட்டுக் கணக்கு நோட்டிலேயே குறித்துவைத்தேன்.

பெங்களூரில் உங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் மீக்கடத்தி உணரி இருந்தது. கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மெல்லிய படலம். துளி ஒளி பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்றீர்கள். வெறும் தகட்டைத் தாண்டி வரும் அகச்சிவப்பு ஒளியையும் கரித் தகட்டைத் தாண்டி வருவதையும் ஒப்பிட்டால் கரி குடித்தது தெரியும். அந்தக் கருவி உங்களுக்கு ஒரு வாரம்தான் கிடைத்திருந்தது.

நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. தையல் மெஷின், மிக்சி, தேயிலை வெட்டும் கத்தரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், அந்த வெறும் தகட்டுக்கும் வைத்தேன். உங்கள் காரியம் நல்லபடியாக முடியட்டும் என்றுதான். சாயங்காலம் முந்தானையால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் போன் செய்தீர்கள். "அம்மணி, உங்க வெளக்குக் கரி நெனச்சதவிட ரொம்பக் கம்மியாத்தான் ஒளியக் குடிக்குதுங்க. இது புதுசு. எழுதி அனுப்பப் போறேன்."

உங்கள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டே, தகட்டுக்குப் பொட்டு வைத்ததைச் சொல்லிவிட்டேன். துடைத்த பிறகும் ஒட்டியிருந்த சந்தனம் வெறும் தகட்டில் ஒளியைக் குடித்திருக்கிறது. அதனால்தான் கரியின் பங்கு குறைந்து தெரிந்திருக்கிறது.

 கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "ஏனுங்க, மிக்சிக்கு வெச்சீங்க, சரி. ஒண்ணுமே இல்லாம இருக்கறதுதான் அந்தத் தகட்டுக்கு வேலை. அதுக்குப் போயி பொட்டு வெப்பாங்களா?"

மறுபடி கருவி கிடைக்க ஒரு வருஷம் ஆனது. புதுத் தகடுகளில் அளந்துவிட்டு வந்தீர்கள். "நெனச்ச அளவேதானுங்க, புதுசா ஒண்ணுமில்ல" என்று சொல்லி, பழைய வெறும் தகட்டை என் கையில் கொடுத்தீர்கள். "இனி எவ்வளவு வேணா வெச்சுக்கங்க."

இன்றும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. உங்கள் தகடு பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் பளபளவென்று இருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் வைக்கவில்லை என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

அதற்கு வேலை இருக்கிறது என்கிறேன்.